சாளரத்து ராஜா

விடிந்ததும் கோட்டைச் சாளரத்தில் ராஜா தெரிந்தார். கீழே கூட்டம் கும்பிட்டது. ஒருநாள் அவர் தெரியாவிட்டாலும், வெளியே காத்திருக்கும் தம்பியின் படை உள்ளே புகுந்துவிடும்.

அரண்மனை ஓவியர் நந்தராம் மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேகத்த அப்படி முறைக்காதீங்க ஓவியரே, பயந்து ஓடிடப் போகுது" என்றாள் மோர்க்காரி கேசர். "மூணு வருஷமா சொட்டு மழையில்ல."

"இன்னிக்கு வேண்டாம்மா."

"வாயக் கழுவுங்க!"

சடசடவென்று கொட்டியது. ஊரே குதித்தது. சாரல் சாளரத்துக்குள் அடித்தும் ராஜா அசையவில்லை.

"அங்க பாருங்க, ராஜா அழறாரு! கண்மையெல்லாம் கன்னத்துல வழியுது. நம்ம மேல எவ்வளவு பாசம்!" என்றாள் கேசர்.

நந்தராம் கண்களை மூடிக்கொண்டார். சாளரத்தில் நிறுத்திய பலகையில் அவர் தீட்டிய கோந்துச் சாயம் கரைந்துகொண்டிருந்தது. ராணியையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாமல், ராஜா போன வாரமே இறந்துவிட்டார்.