பேன் நிபுணரின் தலை

தன் தலையைப் பார்ப்பது வீண் வேலை என்று, சீப்போடு நின்ற மனைவியிடம் பேன் நிபுணர் மூன்றாம் முறையாகச் சொன்னார்.

இருபத்தாறு வருடம் பேனோடு மாரடித்தவர். முடியில் வாழும் தலைப்பேனும் துணித் தையலில் வாழும் சீலைப்பேனும் ஒரே இனமா, இரண்டா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இரண்டு என்று ஒரு கட்டுரை எழுதினார். பதினோரு வருடம் கழித்து, ஒன்றுதான் என்று தன்னையே மறுத்து இன்னொன்று எழுதினார். இரண்டையும் படித்த ஒரே ஆள் அவர்தான்.

இன்று பள்ளியிலிருந்து சீட்டு வந்திருந்தது. மகள் தலையில் பேன்.

மகள் என்றால், மனைவியின் முதல் கல்யாணத்து மகள். ஒன்பது வயது. இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் அவரை "அவர்" என்றுதான் சொல்கிறாள். அவர் சோபாவில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். பொம்மை, சைக்கிள், முட்டி தேய யானையாக நடந்தது எல்லாம் ஆயிற்று. அவள் அசைந்து கொடுக்கவில்லை. பேனின் குடல்வரை தெரிந்தவருக்கு ஒரு பிள்ளையின் மனசுக்குள் போக வழி தெரியவில்லை.

மனைவியின் தலையை அவரே லென்ஸ் வைத்து இரண்டு தடவை பார்த்தார். ஒரு ஈர்கூட இல்லை. இரண்டு முழம் தள்ளியே நிற்கும் பிள்ளையிடமிருந்து தனக்கு மட்டும் எப்படி வரும்? பேனுக்குச் சிறகில்லை, குதிக்கவும் தெரியாது. முடியோடு முடி ஒட்டியிருந்தால்தான் அடுத்த தலைக்கு நடந்து போகும். இதைப் பாடமாகவே நடத்தினார். யாரும் கேட்கவில்லை.

காதோரம் மிச்சமிருந்த முடியில் சீப்பு ஓடியது. நின்றது.

"உங்களுக்கு வராதுன்னு அடிச்சுச் சொன்னீங்களே. இது என்னங்க?"

சீப்பின் பல்லிடுக்கில் கொழுத்த பெண் பேன் ஒன்று காலாட்டிக்கொண்டிருந்தது.

அவர் கை தானாக இடது தோளுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். கொஞ்ச நாளாக, எழும்போது இடது தோள் மரத்துப்போயிருந்தது. வயதாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்ற மகள் சட்டை நுனியை முறுக்கியபடி தரையைப் பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லேப்லேருந்து தொத்தியிருக்கும்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டு மருந்தெடுக்கப் போனாள்.

லேபில் இருக்கும் பேன்கள் எல்லாம் ஸ்பிரிட் குப்பிகளில் மிதப்பவை. கடைசியாக வந்து சேர்ந்தது செத்தே பத்தொன்பது வருடம் ஆகிறது.