குழாயடிப் பாத்தி

மண்வெட்டியை ஜாஃபெட்டின் கையில் கொடுத்து, குழாயடிப் பாத்தியைக் காட்டினேன்.

என் வீட்டுப் பின்னறையில் குடியிருப்பவன். நல்ல பிள்ளை. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

கேட்டது அவன் பெண்டாட்டி ஷுவாய்தான். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கை ஈரத்தோடு ஓடிவந்து பாத்திக்குக் குறுக்கே நின்றாள்.

வசந்தம் என்று பேர்தான். ஹராரே தெருக்களில் ஜகரண்டாப் பூ காலடியில் மிதிபடுகிறது, மழை வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். என் கோவோக் கீரையும் தக்காளியும் கருவாடாய்க் காய்ந்து கிடக்க, முற்றத்தில் பச்சையாக இருந்தது ஒரே ஒரு பாத்தி. அது அவளுடையது.

ஒரு கட்டில் அகலம் இருக்கும். பூசணிக்கொடி போட்டிருந்தாள். இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. குளிக்கிற தண்ணீரில் பாதி அதற்குத்தான். தண்ணீர் வராத வாரத்தில் குடிக்க வைத்திருந்ததையே கொண்டுபோய் ஊற்றுவாள். இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

ஆனால் ஓர் இலை பறிக்கமாட்டாள். அடுத்தவரையும் பறிக்க விடமாட்டாள்.

போன வியாழக்கிழமை என் வீட்டில் சபை மாதர் கூட்டம். சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். என் கோவோவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே குழாயடிக்குப் போய் நின்று, அடேயப்பா என்ன இலை, என்ன கொடி என்று மாய்ந்துபோனார்கள். போதகரின் மனைவி, சட்ஸாக் களிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பிடி பறித்துக்கொள்ளட்டுமா என்று வாய்விட்டுக் கேட்டாள்.

ஷுவாய் முடியாது என்றுவிட்டாள்.

என் முற்றத்தில், என் விருந்தாளியிடம். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அந்தப் பாத்தியைக் கொத்தி என் கோவோவை நடுவதென்று.

இப்போது நின்று கெஞ்சினாள். வேலியோரத்தில் இருக்கும் தன் இன்னொரு பாத்தியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை தன் பங்குத் தண்ணீர் முழுவதையும் என் தக்காளிக்கே ஊற்றுவதாகச் சொன்னாள். என் துணிமணியெல்லாம் துவைத்துப் போடுகிறேன் என்றாள். கொடியை வேண்டுமானால் வேரோடு பிடுங்கிக்கொள்ளுங்கள், மண்ணை மட்டும் வெட்டவேண்டாம் என்றாள்.

ஜாஃபெட்டுக்கு மானம் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி வேறு சுவருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பாத்திக்குப் போய் இத்தனை ரகளையா என்று பெண்டாட்டியை அடிக்குரலில் அதட்டினான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். மூன்று வருஷம் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்த்துவிட்டு இந்த ஜூனில்தான் திரும்பியிருக்கிறான். அதுவரை கிறிஸ்துமஸுக்கு வந்துபோவதோடு சரி.

நான் விட்டுக்கொடுப்பவள் மாதிரிப் பேசினேன்.

"சரிடி. ஏன் வெட்டக் கூடாதுன்னு உன் புருஷன் முன்னாடி சொல்லு. சொல்லிட்டா, இப்பவே மண்வெட்டிய வாங்கி உள்ள வச்சிடறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஈனாக்கம்மா, நீங்களே இப்படிச் செய்யலாமா?"

ஈனாக் என் மூத்தவன். பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் கூப்பிடுவோம். அவள் இன்னும் வெறும் ஷுவாய்தான்.

ஜாஃபெட் அவளைத் தோளைப் பிடித்து விலக்கினான். முதல் வெட்டில் கொடி அறுந்தது. மண் கறுப்பாக, சொதசொதவென்று மேலே வந்தது. ஷுவாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூச்சு விடாமல் பிறந்த குழந்தையை எங்களில் காய்ந்த மண்ணில் புதைப்பதில்லை. ஈர மண்ணில், பெண்கள் மட்டும் சேர்ந்து புதைப்பார்கள். அந்த இடம் ஆண்பிள்ளைக்குத் தெரியக் கூடாது, பெற்ற அப்பனாகவே இருந்தாலும். மண் காய்ந்தாலோ, யாராவது கிளறினாலோ, அந்தத் தாயின் வயிற்றில் அப்புறம் ஒன்றும் தங்காது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குளிர்காலத்தில், ஏழாம் மாதத்தில் அவளுக்கு அப்படி ஆனபோது கூட இருந்தது ஒருத்திதான். குழாயடி மண்தான் எப்போதும் ஈரமாக இருக்கும் என்று இடம் காட்டியது அவள். ஒரு நாளும் காயவிடாதே, அடுத்தது தங்கும் என்று புத்தி சொன்னதும் அவள். ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் பார்த்துக்கொண்டார்கள் என்று ஜாஃபெட்டுக்குப் போனில் சொன்னதும் அவளே. இந்த மாதம் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று, புருஷனிடம்கூடச் சொல்லாமல், ஷுவாய் ஓடிவந்து முதலில் சொன்னதும் அவளிடம்தான்.

ஜாஃபெட் ஒரு சாண் ஆழத்தில் நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, போதுமா என்று கேட்டான்.

"பத்தாது தம்பி," என்றேன். "முழங்கால் ஆழத்துக்கு வெட்டு."

ஆழம் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் வெட்டியதும் இதே மண்வெட்டியால்தான்.