ஒற்றை நாற்காலி

ஆரணி பட்டு வியாபாரி பரசுராமன், விசைத்தறிச் சத்தத்திலிருந்து தப்பிக்க மாடியில் பாட்டுக் கேட்க ஓர் அறை கட்டினார். ஒரே நாற்காலி, மனைவிக்குக்கூட அனுமதி இல்லை. கோவையில் தனியாளாக ஸ்பீக்கர் செய்யும் சண்முகவேலிடம் ஒரு ஜோடி வாங்கி, ஜரிகையை உரசிப் பார்ப்பதுபோல் பெட்டியைச் சுரண்டிப் பார்த்தார். அசல் தேக்கு. "ஜில்லாவுலயே இப்படி சாமான் கிடையாது" என்று வந்தவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்தார்.

ஆனால் பாட்டு அவர் நாற்காலியில் தெளியவில்லை. ஒரு முழம் தள்ளி, வெறும் தரையில் தெளிந்தது. சில நாள் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்துவிட்டு, போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார் சண்முகவேல்.

"செய்யறதுக்கு முன்னாடி காலி ரூமைப் பதிவு பண்ணி அனுப்பச் சொன்னேனுங்களே. அதுல மூச்சு எங்க கேட்டுச்சோ, அந்த எடத்துக்குத்தானுங்க செட் பண்ணுனேன்."

"ரூமைப் பூட்டிகினு நான் வெளிய நின்னேன்பா. உள்ள யாரும் இல்ல."

சண்முகவேல் அந்தப் பதிவை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டார்.

"பரவால்லைங்க, வாழ்நாள் சர்வீஸ்தானே. நானே வந்து மாத்திக் குடுத்தர்றனுங்க. அந்த எடத்துல இருக்கறவருகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

பரசுராமன் போனை வைத்தார். நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி அந்த இடத்தில் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.