பித்தளைத் தாழ்ப்பாள்

பாக்கியவதியைக் கதவோரமாக உட்கார வைத்துவிட்டு, செல்வநாயகம் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்கனயே இரு. அசையாத" என்றார்.

வாசலுக்கு வந்த சோலைமலை படியிலேயே நின்றுவிட்டான். வாத்தியார் மனைவி பாக்கியவதி செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எட்டிப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. மேசைமேல், தீப்பெட்டி செய்கிற மரச்சில்லால் கட்டிய ஒரு சின்ன ஷெட். கூரை இன்னும் வைக்கவில்லை. உள்ளே மருந்து முக்காத தீக்குச்சிகள் ஐந்து நின்றன. கதவோரத்துக் குச்சியில் மட்டும் பச்சைச் சேலை நூல் சுற்றியிருந்தது.

"வா சோலை. தினமும் ஒட்டி வைக்கேன். காலையில பாத்தா இவ மட்டும் கதவுல சாஞ்சு கெடக்கா."

"கோந்து சரியில்ல சார்."

"மத்த நாலு பேருக்கும் அதே கோந்துதான்."

சோலைமலை கோந்து டப்பாவை எடுத்து மோந்து பார்த்தான். எம். புதுப்பட்டியில் பாக்கியவதி வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் அவன்தான் போர்மேன்.

போன வருஷம், அறுபத்திரண்டில், ஆடிக் கடைசி வெள்ளி. கம்பெனி ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கப் போய்விட்டார்கள். தீபாவளி ஆர்டர் நிற்கக் கூடாதென்று கிறிஸ்தவப் பெண்கள் ஐந்து பேர் மட்டும் மருந்து ஷெட்டில் வந்து உட்கார்ந்தார்கள். மருந்து பற்றியது. ஒருத்திகூட வெளியே வரவில்லை.

காற்றுக்குக் கதவு அடிக்கிறதென்று, பக்கத்தில் இருந்த பாக்கியவதி உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள், அதனால்தான் எல்லாரும் செத்தார்கள் என்று கம்பெனி சொன்னது. ஊரும் நம்பியது. கதவு சாம்பலாகிவிட்டது, இல்லையென்று யார் சொல்வது?

அன்றிலிருந்து வேதக் கோயிலில் வாத்தியார் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பாக்கியவதி கல்லறையில் அவர் வைக்கும் பூவை யாரோ எடுத்துத் தெருவில் எறிகிறார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வீட்டைச் சாத்தாமலே கடைக்குப் போகிறவள், அதற்காகவே அவரிடம் நாள்தோறும் திட்டு வாங்கியவள், அங்கே போயா தாழ்ப்பாள் போடுவாள்? என்ன நடந்ததென்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்த ஷெட்டைக் கட்டினார். வாத்தியாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது.

இப்போது அவர் வீட்டுப் படியேறுகிற ஒரே ஆள் சோலைமலை. பாவம், நல்ல மனசு. வெறுங்கையோடு வரவே மாட்டான். இன்றைக்கு ஒரு பொட்டலம்.

"பம்பாய்க்கு லோடு கொண்டுபோன டிரைவர்ட்டச் சொல்லி வாங்கியாரச் சொன்னேன் சார். வெள்ளக்காரப் பிள்ளைக பொம்மை வீட்டுல மாட்டுற சாமானாம்."

பித்தளையில் கீல், வாளி, இரண்டு தாழ்ப்பாள். ஒவ்வொன்றும் நெல்மணி அளவுதான்.

"இதெல்லாம் எதுக்குப்பா? எல்லாத்தையும் குச்சியிலயே செஞ்சு ஒட்டியிருக்கேனே. கடைச் சாமான மாட்டுனா என் ஷெட்டும் பொம்மையாப் போயிரும்."

"நீங்க செஞ்ச தாழ்ப்பாள் கோடு போட்ட மாதிரில்லா சார் இருக்கு? தொறக்கவும் செய்யாது, மூடவும் செய்யாது. இத பாருங்க, எம்புட்டு அழகா ஓடுது!" நகத்தால் தள்ளிக் காட்டினான். ஓடியது.

வாத்தியாருக்கு ஆசை வந்துவிட்டது. "சரி, நீயே மாட்டு. ஓடுற சாமானெல்லாம் உன் கைக்குத்தான் வரும். கம்பெனியில இருந்த மாதிரியே உள்ள ஒண்ணு, சாயங்காலம் பூட்டுறதுக்கு வெளிய ஒண்ணு."

சோலைமலை மேசைமுன் உட்கார்ந்தான். "நான் மட்டும் அன்னிக்கு இருக்கன்குடிக்குப் போகாம இருந்திருந்தா, கதவ ஒடச்சாவது அஞ்சு பேரையும் வெளிய இழுத்துப் போட்டிருப்பேன் சார்." வரும்போதெல்லாம் சொல்வதுதான். போலீசிடம் சொன்னதும் அதேதான்.

கீலை மாட்டினான். உள்தாழ்ப்பாளைத் திறந்த மேனிக்கு ஒட்டினான். வெளித்தாழ்ப்பாளையும் ஒட்டிவிட்டு, ஓடுகிறதா என்று பார்த்தான். வேலையில் ஆளே மூழ்கிப்போனான்.

அப்போது தெருவிலிருந்து ஆடிக் காற்று உள்ளே புகுந்தது. புதுக் கீலில் அந்தச் சின்னக் கதவு டக் டக்கென்று அடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போலவே இருந்தது. பச்சை நூல் குச்சி மெல்ல ஆடியது.

சோலைமலைக்கு நெற்றி வேர்த்துவிட்டது. "சும்மா கெட. மருந்து ரூம்ல கதவு அடிக்கப்படாது" என்று முனகியபடி கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளை நகத்தால் தள்ளினான்.

சத்தம் நின்றது. அவன் பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இப்பத்தான் சார், அச்சு அசலா அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு."

வாத்தியார் ஷெட்டுக்குள் குனிந்து பார்த்தார். பாக்கியவதி மூடிய கதவில் சாய்ந்து கிடந்தாள். அவள் பக்கத்து உள்தாழ்ப்பாள் திறந்தே இருந்தது. அதை அவள் தொடவே இல்லை.

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது.

"அன்னிக்கு நீ இருக்கன்குடிக்குப் போகவே இல்லையா, சோலை?"