முதலாளியின் சிபாரிசு

"அவளா? ஐயோ, வேணவே வேணாம்டா. சரியான தூங்குமூஞ்சி. சட்டையைத் தேய்ச்சுக் குடுன்னா, அதையே தலைக்கு வெச்சுப் படுத்துக்குவா."

லாண்டிரி முதலாளி போனில் தன் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தொங்கவிட்ட கோட்டுகளுக்குப் பின்னால் நின்ற இஸ்திரி அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெருவின் எதிர்ப்பக்கம் தம்பியின் லாண்டிரி. இதைவிடப் பெரிய கடை. அங்கேதான் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். கிடைத்தால் சம்பளம் ரெட்டிப்பு. கூரை ஒழுகாத வீடாகப் பார்த்துக் குடிபோகலாம்.

"துணியைக் கருக்குவாளாவா? அவ கருக்காத துணி எதுன்னு கேளு. வாய் வேற நீளம்."

இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அவள் கருக்கியதில்லை. பாவி மனுஷன், தானும் சம்பளத்தை ஏற்ற மாட்டார், ஏற்றித் தருகிறவனையும் விட மாட்டார்.

சண்டை போட்டால் இருக்கிற வேலையும் போகும். தேய்க்கக் கிடந்த முதலாளியின் பேண்ட்டை எடுத்தாள். இருந்த கஞ்சி மொத்தத்தையும் அதிலேயே கொட்டினாள்.

மறுநாள் அதை மாட்டிக்கொண்டு வந்தவர் நாற்காலியில் உட்காரப் பார்த்தார். பேண்ட் சம்மதிக்கவில்லை.

"நல்லா மொடமொடன்னு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே கல்லாவைக் கவனித்தார்.

தம்பி வந்து நின்றான். "அக்கா, நாளையிலேர்ந்து நம்ம கடைக்கு வந்துடுங்க. சம்பளம் ரெட்டிப்பு."

அண்ணனைப் பார்த்து ஒரு நக்கல் சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனான்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாய் சும்மா இருக்குமா?

"பாத்தீங்களா முதலாளி? நீங்க அவ்வளவு மட்டமாச் சொல்லியும் எனக்குக் கிடைச்சிடுச்சு."

"சொன்னதாலதான்மா கிடைச்சுது. சின்னப் பிள்ளையிலேர்ந்தே நான் கிழக்குன்னா அவன் மேற்கு."

அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கடை வருமானத்துல உனக்கு ஏத்தித் தர என்னால ஆகல. போன வருஷமே அவன்கிட்ட உன்னைச் சேர்த்துக்கச் சொன்னேன். அப்பத்தான் புத்தியில்லாம உண்மையைச் சொல்லித் தொலைச்சுட்டேன், வேணாம்னுட்டான்."