நினைவகத்தில் ஏழு பெயர்கள்

ஹேடோ துறைமுகத்தின் சிறிய முன்பதிவு அறையில் மழைநாளின் சாம்பல் வெளிச்சம். இன்றைய சென்னைக் கப்பலில் போகவேண்டிய நோயாளிகளின் பட்டியல், சேமிக்கும் முன்பே கணினியில் உறைந்து நிற்கிறது. மாயாபந்தர் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்ன ஏழு பெயர்களையும் முன்பதிவு எழுத்தர் ஷாஹிதா தாளில் குறிக்காமல் நேராகத் தட்டியிருக்கிறாள். இப்போது போனும் இல்லை, கரண்டும் இல்லை; கணினி யுபிஎஸ் பேட்டரியில் நிற்கிறது. பெயர் இல்லாதவருக்குக் கப்பலில் இடமில்லை. உறைந்த நிரலை மூடாமல் நிறுத்திவைத்து, அதன் நினைவகத்தை டீபக்கர் என்ற பிழைதேடும் கருவியில் வரிவரியாகத் திறக்கிறான் கணினி பார்க்கும் நௌஷாத். எண்களுக்கு நடுவே பெயர்கள் தலைகாட்டுகின்றன. அவன் வாசிக்க, அவள் எழுதுகிறாள். "ஜல்தி பாய், சீக்கிரம், யுபிஎஸ் கத்துது, சார்ஜ் தீருது," என்கிறாள். "கத்தட்டும். தப்பா ஒரு கமாண்ட் போட்டா எல்லாம் காலி." ஆறு பெயர்கள் வந்துவிட்டன. "ஏழாவது, பொண்ணு, வயசு நாலு. பேரு அடுத்த வரியில இருக்கு, இரு." திரை அணைகிறது. ஏழாம் எண்ணுக்கு எதிரே ஷாஹிதா வயதை மட்டும் எழுதுகிறாள்.