பத்தாவது கோழி

செவ்வாய்க்கிழமை காலை, கோழி திருட வரும் காட்டுப்பூனைக்கு வைத்த கூண்டின் கதவு விழுந்திருந்தது. உள்ளே வைத்திருந்த மீன் தலையைக் காணோம். பூனையையும் காணோம்.

வேன்காரர் குனிந்து பார்த்தார். வெளியே இருந்து கொக்கியைத் தூக்கினால்தான் அந்தக் கதவு திறக்கும்.

"யாரோ திறந்து விட்டிருக்காங்க" என்றார் மனைவியிடம். கண் மதில்சுவருக்கு அந்தப் பக்கம் போனது.

அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் வீடு. வேன்காரரின் கோழிகள் சுவர் தாண்டிப் போய்க் காய்கறிப் பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

"என் கோழி செத்தா அந்தம்மாவுக்குத்தானே கொண்டாட்டம்!"

"மெதுவாப் பேசுங்க, காதுல விழப்போகுது. இதுங்க ஒழிஞ்சா எனக்கும்தான் நிம்மதி. கால் வைக்கிற இடமெல்லாம் எச்சம்!"

வேன்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கோழிகளை எண்ணினார். ஒன்பது. எல்லாம் ஒரே பண்ணையில் வாங்கியவை, ஒரே செம்பழுப்பு நிறம். நல்லவேளை, ஒன்பதும் இருந்தன.

கூண்டில் புதிதாக மீன் தலை வைத்தார். காட்டுப்பூனை அதைச் சீண்டக்கூட இல்லை. மறுநாள் காலை கோழிக்கூட்டின் வலை பிய்ந்து கிடந்தது. தரையெல்லாம் இறகு, ரத்தம். எண்ணினார். எட்டு.

வலையை இழுத்துக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் வந்து தீனி போடும்போது மறுபடி எண்ணினார்.

ஒன்பது.

"ஏய், இங்க வாயேன்! ஒன்பது இருக்கு!"

"காலைல அவசரத்துல தப்பா எண்ணியிருப்பீங்க."

"அதெப்படி? செத்த கோழியோட தலையை நானே குழி தோண்டிப் புதைச்சேனே!"

மனைவிக்கும் ஒன்றும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே கதை. இறகு, ரத்தம், எட்டு கோழி. மதியம் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. கோழிக்கூட்டையே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே வண்டிக்குப் போனார்.

சாயங்காலம் எண்ணினார். பத்து.

விரலை மடக்கி எண்ணினார். பத்து. ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் விரட்டி எண்ணினார். அப்போதும் பத்து.

"பூனை தின்னத் தின்னக் கோழி பெருகுதே, இது என்ன கூத்து?"

"விடுங்க. வயசானா இப்படித்தான், ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன ஆகும்" என்றாள் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது. வேன்காரரின் பிழைப்பே எண்ணுவதுதான். ஏறும்போது இருபத்தாறு பிள்ளை, இறங்கும்போது இருபத்தாறு பிள்ளை. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

திங்கட்கிழமை அவருக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி முதலில் இருந்து எண்ணினார்.

"அங்கிள், என்னை நாலு தடவை எண்ணிட்டீங்க!" என்றாள் முன் இருக்கைச் சிறுமி.

பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் வண்டி போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தார்.

பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் வண்டிச் சாவியை வைத்தார்.

"நாளைக்கு இதைப் பள்ளிக்கூடத்துல ஒப்படைச்சிடப் போறேன்."

"என்ன பேச்சு இது?"

"கோழியையே எண்ணத் தெரியாதவனை நம்பி யாரு பிள்ளையை அனுப்புவா? ஒரு குழந்தை உள்ளேயே தூங்கிப்போய், நான் கதவைப் பூட்டிட்டு வந்துட்டா?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மதில்சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது.

"அண்ணே, சாவியைக் கொடுத்துடாதீங்க. உங்க கணக்கு சரிதான்."

தையல்காரம்மா!

"கூண்டைத் திறந்து விட்டது நான்தான் அண்ணே."

"பார்த்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல!" வேன்காரர் துள்ளி எழுந்தார்.

"அது தாய்ப்பூனை. அதோட மூணு குட்டி என் வீட்டு விறகு அடுக்குல விடிய விடியக் கத்துச்சுங்க. காது கொடுத்துக் கேக்க முடியல. போய்த் திறந்து விட்டுட்டேன். மறுநாளே அது உங்க கோழியைப் பிடிச்சிடுச்சு. என்னாலதானே போச்சுன்னு அதே பண்ணையில ஒண்ணு வாங்கியாந்து, நீங்க ரெண்டு பேரும் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டுல விட்டேன். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். பேச்சே இல்லாத வீட்டுல வந்து எப்படிச் சொல்றது? நேத்து அது குட்டிகளைத் தூக்கிக்கிட்டு எங்கேயோ போயிடுச்சு, இனிமே வராது."

வேன்காரருக்குக் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. அப்போ மூளை கெடவில்லை! விரலை மடக்கினார். புதன்கிழமை எட்டு, இவங்க விட்டது ஒண்ணு, ஒன்பது. வெள்ளிக்கிழமை எட்டு, இவங்க விட்டது ஒண்ணு...

விரல் அப்படியே நின்றது.

"ஒன்பதுதானே வருது? வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டா விட்டீங்க?"

"ஒண்ணுதான் அண்ணே. சத்தியமா ஒண்ணுதான்."

"அப்போ பத்து எப்படி வந்துச்சு?" அவர் முகம் மறுபடி வெளுத்தது.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சாவியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"அன்னைக்குச் சாப்பிடாமக் கொள்ளாம உட்கார்ந்திருந்தீங்களே, பார்க்கச் சகிக்கல" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "நானும் போய் ஒண்ணு வாங்கியாந்து விட்டேன்."